நஞ்சும் மருந்தும்: புற்றுநோய் இரசாயனச் சிகிச்சையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞான வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பழைய இலக்கிய வரலாறுகளிலே புலவர் சரித்திரம் வகித்த இடத்தை இங்கு கண்டுபிடிப்பாளர் சரித்திரம் வகிக்கின்றது எனலாம். இலக்கியத்தை அது தோன்றிய சமூகப் பின்னணியில் வைத்து ஆராய்தல் வேண்டும் எனப் பல தசாப்தங்களாக வாதாடிவந்துள்ள நாம், சோதனைக் குழாய்க்கு அத்தகைய பின்னணி எதுவும் இல்லை என்று கருதி வாளாவிருப்பது முரண்பாடாகும். இலக்கிய மாணவன் ஒருவன் மருந்துகளைப் பற்றி எழுதுவது சிலருக்கு அத்துமீறலாகத் தோன்றக்கூடும். ஆயினும் புற்றுநோய் பற்றிய பேச்சு முழுவதும் போர்க்களச் சொற்களால் நிறைந்திருப்பதைக் கவனித்ததன் பின்னரே இத்துறையில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டது. நோயாளி ‘போராடுகிறார்’, மருந்து ‘தாக்குகிறது’, கலங்கள் ‘ஊடுருவுகின்றன’. 1971 டிசெம்பரில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்திற் கையொப்பமிட்டபோது அது ‘புற்றுநோய்க்கு எதிரான யுத்தம்’ என்றே பெயர் பெற்றது. தாமும் அந்நோயால் பீடிக்கப்பட்டிருந்த சூசன் சொன்ராக், 1978 இல் வெளியிட்ட நூலில், நோயை உருவகமாக்குதல் நோயாளிக்கு இழைக்கப்படும் கொடுமை எனக் கண்டித்தார். அவரது கண்டனம் நியாயமானதே. ஆனால் இரசாயனச் சிகிச்சையைப் பொறுத்தவரை போர் வெறும் உருவகமன்று. முதலாவது மருந்து உண்மையிலேயே ஆயுதக் களஞ்சியத்திலிருந்து வந்தது. இரண்டாவது மருந்தின் வேர் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் பட்டினியில் உள்ளது. இவ்விரண்டையும் சற்று விரிவாகவும் ஏனையவற்றைச் சுருக்கமாகவும் நோக்குவது இக்கட்டுரையின் எண்ணம்.

முதலில் சிகிச்சையின் அடிப்படைச் சிக்கலை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இரசாயனச் சிகிச்சை என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஜேர்மனியரான போல் ஏர்லிக். சாயப்பொருள்கள் சில இழையங்களிற் படிந்து வேறு சிலவற்றிற் படியாது விடுவதைக் கண்ட அவர், கிருமியை மட்டும் கொன்று உடலைத் தீண்டாத பொருள் ஒன்று இருத்தல் கூடும் என நம்பினார். 1910 இல் சந்தைக்கு வந்த சல்வார்சன் என்னும் ஆசனிக்குச் சேர்வை, கிரந்தி நோய்க்கு எதிராக அந்நம்பிக்கையை ஓரளவு மெய்ப்பித்தது. கிருமி வெளியிலிருந்து வந்த அந்நியன். அதன் வாழ்க்கை முறை வேறு. ஆகவே அதனை வேறுபடுத்திக் கொல்லுதல் சாத்தியமாயிற்று. புற்றுக்கலமோ அந்நியனன்று. அது நமது சொந்தக் கலம். நாம் உண்ணும் உணவையே உண்டு, நம்முடைய மரபுப்பொருளையே சற்றுத் திரிபுபட்ட வடிவில் தாங்கி, பிரிவதை நிறுத்தவேண்டிய வேளையில் நிறுத்தாது பிரிந்துகொண்டிருப்பது. அதற்கும் ஏனைய கலங்களுக்குமுள்ள வேறுபாடுகளில் முந்திய தலைமுறையினராற் பயன்படுத்தக்கூடியதாயிருந்தது இந்த ஓயாத பிரிவு ஒன்றே. எனவே பழைய மருந்துகள் யாவும் ஏதோ ஒரு வகையிற் கலப்பிரிவையே தாக்குகின்றன. என்பு மச்சையும் மயிர்வேரும் குடலின் உட்சுவரும் ஆரோக்கியமான உடலிலும் இடைவிடாது பிரியும் கலங்களைக் கொண்டவை. ஆதலால் அவையும் சேர்ந்தே அடிபடுகின்றன. தலைமயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், வெண்குருதிக் கலங்கள் குறைந்து சிறு தொற்றுங்கூட உயிராபத்தாவதும் மருந்து தவறான இடத்திலே செய்யும் அதே வேலையின் விளைவுகள். பாஷாணங்களை மருந்தாகக் கையாண்ட சித்த மருத்துவ மரபுக்கு இச்செய்தி வியப்பளிக்க மாட்டாது.

கடுகுவாயு முதன்முதலாகப் போரிற் பயன்பட்டது 1917 யூலையில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகரையடுத்த போர்முனையில். தோலைக் கொப்புளிக்கச் செய்து கண்ணைக் குருடாக்கும் அதன் கொடுமையைப் பலர் எழுதியுள்ளனர். எட்வேட் குறும்பார், ஹெலன் குறும்பார் என்னும் அமெரிக்க வைத்தியத் தம்பதியர் 1919 இல் வெளியிட்ட அவதானம் அந்தளவு கவனம் பெறவில்லை. வாயுவுக்கு இரையானோரின் குருதியில் வெண்கலங்கள் அருகிப்போயிருந்தன. என்பு மச்சை வரண்டு கிடந்தது என்பதே அவ்வவதானம். மருத்துவ அறிவு என்ற அளவில் 1919 இலேயே மருந்துக்கான தடயம் இருந்தது. அதனை எடுத்துப் பார்ப்பதற்குப் பணமும் ஆட்களும் ஆய்வுகூடமும் அமைய இன்னொரு உலக யுத்தம் தேவைப்பட்டது. இது தற்செயலன்று. அமைதிக் காலத்திலே கிடைக்காத நிதி யுத்த காலத்தில் ஆயுத ஆராய்ச்சிக்குத் தாராளமாகக் கிடைத்தது. 1942 இல் யேல் பல்கலைக்கழக மருந்தியலாளர்களான லூயிஸ் குட்மனும் அல்பிரட் கில்மனும் நைதரசன் கடுகு என்ற புதிய சேர்வைகளை ஆராய்ந்தது அரசின் யுத்த ஆராய்ச்சி ஒப்பந்தத்தின் கீழேயாகும். சுண்டெலிகளில் வளர்ந்த நிணநீர்க் கட்டிகள் இம்மருந்தாற் கரைவதை அவர்கள் தோமஸ் டௌகேற்றியுடன் சேர்ந்து கண்டனர்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு மனிதருக்கு இம்மருந்து முதன்முறையாக ஏற்றப்பட்டது. போலந்திலிருந்து குடிபெயர்ந்து கொனெற்றிக்கட் மாநிலத்தில் உருளைத் தாங்கிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலைசெய்த தொழிலாளி அவர். நிணநீர்ப் புற்று கழுத்தையும் தாடையையும் அடைத்து, விழுங்கவோ தலையைத் திருப்பவோ இயலாதிருந்தார். கதிர்ச்சிகிச்சை பயனற்றுப் போயிருந்தது. சில நாட்களில் கட்டிகள் வற்றின. நோய் மீண்டது, மறுபடியும் மருந்து ஏற்றப்பட்டது, மச்சை தாங்கவில்லை. டிசெம்பர் முதலாந் தேதி அவர் இறந்தார். யுத்த இரகசியம் காரணமாக மருத்துவக் குறிப்பேட்டில் மருந்தின் பெயர்கூட எழுதப்படவில்லை. ஏதோ ஒரு ‘பொருள்’ என்றே குறிக்கப்பட்டிருந்தது. 1946 இலேதான் இவ்வாராய்ச்சி பகிரங்கமாயிற்று.

பரவலாக எழுதப்பட்டுவரும் கதை வேறு. இத்தாலியின் பாரி துறைமுகத்தில் 1943 டிசெம்பர் 2 ஆந் தேதி நிகழ்ந்த அனர்த்தத்திலிருந்தே இரசாயனச் சிகிச்சை பிறந்தது என்பர். யேல் நோயாளி இறந்து சரியாக ஓராண்டு கழிந்த பின்னரே அந்த அனர்த்தம் நிகழ்ந்தது என்பதால் இக்கூற்று திருத்தத்துக்குரியது. ஆனாலும் பாரி நிகழ்ச்சியை ஒதுக்கிவிட முடியாது. நேசநாடுகளின் கையிலிருந்த அத்துறைமுகத்தின்மீது ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசின. நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் ஒன்றான ஜோன் ஹார்வி இரண்டாயிரம் கடுகுவாயுக் குண்டுகளை இரகசியமாகச் சுமந்திருந்தது. அது வெடித்தது. எண்ணெயோடு கலந்த நஞ்சு படர்ந்த நீரிலிருந்து மீட்கப்பட்ட மாலுமிகளை, விஷயம் அறியாத மருத்துவ ஊழியர் நனைந்த உடையோடு போர்வையிற் சுற்றி வைத்திருந்தனர். நஞ்சுக்காகச் சிகிச்சை பெற்ற 628 பேரில் 83 பேர் மாண்டதாக இராணுவப் பதிவு கூறுகிறது. நகரத்து மக்களில் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்குச் சரியான கணக்கு எடுக்கப்படவேயில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க அனுப்பப்பட்ட இளம் இராணுவ வைத்தியர் ஸ்ரூவேட் அலெக்சாந்தர் உண்மையை எழுதினார். இறந்தோரின் குருதியில் வெண்கலங்கள் மறைந்துபோனதையும் விரிவாகப் பதிந்தார். சேர்ச்சில் அரசோ கடுகுவாயு என்ற சொல்லையே பிரித்தானியப் பதிவுகளில் அனுமதிக்க மறுத்தது. இரகசியம் இங்கு எதிரியிடமிருந்து காக்கப்பட்டதைவிட, நோயாளிகளைக் கவனித்த வைத்தியர்களிடமிருந்து காக்கப்பட்டதே அதிகம்.

அலெக்சாந்தரின் அறிக்கையின் முக்கியத்துவத்தை உணர்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க இரசாயன யுத்த சேவையின் மருத்துவப் பிரிவுத் தலைவர் கோர்னீலியஸ் றோட்ஸ். யுத்தம் முடிந்ததும் நியூயோர்க்கின் சுலோன்-கெற்றறிங் புற்றுநோய் ஆய்வு நிலையத்தை வழிநடத்தியவரும் இவரே. புவேர்ட்டோ றிக்கோ மக்களை இழிவுபடுத்தியும், அவர்களிற் சிலரைத் தாமே கொன்றதாகப் பெருமை பேசியும் 1931 இல் இவர் எழுதிய கடிதமொன்று வெளியாகிப் பெருங் கொந்தளிப்பை ஏற்படுத்தியிருந்தது. விளையாட்டாக எழுதியது என அவர் விளக்கமளித்தார். விசாரணையில் கொலைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் பெயரால் வழங்கப்பட்டுவந்த விருதின் பெயரை அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் 2003 இல் நீக்கவேண்டியதாயிற்று. இரசாயன யுத்தப் பிரிவின் ஆட்களும் முறைகளும் அப்படியே புற்றுநோய் ஆய்வுகூடத்துக்கு இடம்பெயர்ந்தமைக்கு றோட்ஸின் வாழ்க்கை ஒரு சான்று.

இனி, கடுகு எவ்வாறு கொல்கிறது? நைதரசன் கடுகின் மூலக்கூறுக்குக் குளோரீனை நுனியிற் கொண்ட குறைந்தது இரு கைகள் உண்டு. உடல்நீரில் ஒரு கை மடங்கிக் குளோரீனை உதிர்த்து மிகுந்த வினைத்திறனுள்ள வளையமாகிறது. அவ்வளையம் கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழையில் குவானின் என்னும் மூலத்தோடு பிணைகிறது. மற்றக் கையும் அவ்வாறே எதிர் இழையிலுள்ள குவானினைப் பற்றிக்கொள்கிறது. கலம் பிரிவதற்கு முன் இரு இழைகளும் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் பிரதியெடுக்கப்படல் வேண்டும். கிடுகு பின்னும்போது இரு ஓலைகளை ஒன்றாக ஆணியறைந்துவிட்டாற்போல, இப்போது அவை விலக முடியாது. பிரதியெடுப்பு தடைப்பட, கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இவ்விளக்கம் 1960 ஐ அண்டிய ஆண்டுகளில் இலண்டனில் பீற்றர் புறூக்ஸ், பிலிப் லோலி ஆகியோரின் ஆய்வுகளால் உறுதிப்பட்டது. இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். முதல் நோயாளிக்கு மருந்து ஏற்றப்பட்ட 1942 இல் டி.என்.ஏ. மரபுப்பொருள் என்பதே எவருக்கும் தெரியாது. ஏவரியின் பரிசோதனை 1944 இலும், வாட்சன், கிறிக் ஆகியோரின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953 இலும் வெளிவந்தன. நடைமுறை முந்தியது, கோட்பாடு பின்னே வந்து அதனை விளக்கியது. மருந்து முதலில் ஒரு கேள்வியாகவே இருந்தது.

அடுத்த மருந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கு கலம் எவ்வாறு வாழ்கிறது என்ற அறிவு முதலிற் கிடைத்தது. அதைக் கொல்லும் வழி அவ்வறிவிலிருந்து பிறந்தது.

1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். பருத்தி ஆலைகளில் உழைத்த பெண்களிடையே, கருவுற்றிருக்கும் காலத்திற் கடுமையான குருதிச்சோகை ஏற்பட்டுப் பலர் மடிந்தனர். பம்பாயின் வெவ்வேறு வர்க்கங்களையும் சமூகப் பிரிவுகளையும் சேர்ந்த பெண்களின் உணவை வில்ஸ் ஒப்பிட்டுப் பார்த்தார். உணவு எங்கு மிகக் குறைந்திருந்ததோ அங்கு நோயும் மிகுந்திருந்தது. அக்காலத்தில் நோய்க்குக் கிருமியைத் தேடும் நோக்கே மேலோங்கியிருந்தது. வில்ஸ் அடுப்படியைப் பார்த்தார். ஏழைப் பெண்களின் உணவை ஒத்த உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்துச் சோகையை உண்டாக்கி, பின் மலிவான மாமைற் கொடுத்து அதை மாற்றிக் காட்டினார். மாமைற் என்பது மதுவடிசாலைகளில் எஞ்சும் மதுவத்தின் சாறு. 1931 இல் இம்முடிவுகள் வெளியாயின. குன்னூரிலும் சென்னையிலும் அவர் இவ்வாய்வைத் தொடர்ந்தார். மாமைற்றில் உள்ள பொருள் எது என்பது அப்போது அறியப்படாமையால் அது ‘வில்ஸ் காரணி’ எனப்பட்டது.

மாமைற் நமது நாட்டு இடதுசாரி இயக்க வரலாற்றிலும் இடம்பெற்ற ஒரு பொருள் என்பதை வாசகர் அறிந்திருக்கலாம். 1934 - 35 மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் எண்பதினாயிரம் பேர் இறந்தனர். கேகாலைப் பகுதியில் நிவாரணப் பணி செய்த சூரியமல் இயக்கத்தினர், சனங்கள் சாவது காய்ச்சலால் மாத்திரமன்று, பட்டினியாலுந்தான் என்பதைக் கண்டு, கொயினாவோடு மாமைற்றையும் வழங்கினர். அப்பணியில் முன்னின்ற என். எம். பெரேரா முதலியோரே 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடக்கினர். பம்பாய் ஆலைச் சேரியிற் கண்டறியப்பட்டது நான்கு ஆண்டுகளுள் சப்பிரகமுவக் கிராமங்களுக்கு வந்துசேர்ந்தமை காலனித்துவ நாடுகளுக்கிடையே நிலவிய ஒரே வகையான வறுமையைப் புலப்படுத்துகிறது.

வில்ஸ் காரணியின் பிற்கால வரலாறு அமெரிக்காவில் நடைபெறுகிறது. 1941 இல் பசளிக் கீரையை ஒத்த ஸ்பினாச் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஒரு பொருளுக்கு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். அதைச் செயற்கையாகத் தயாரித்தது 1945 இல் லெடர்லி நிறுவன ஆய்வுக்குழு. அக்குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். காந்தியின் அறைகூவலை ஏற்றுக் கதர் அணிந்து வந்தமைக்காகச் சத்திரசிகிச்சைப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுமையான பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தரத்துச் சான்றிதழையே பெற்றார். அமெரிக்கா சென்று ஹாவாட்டில் பிஸ்க் என்பாருடன் சேர்ந்து, கலத்தின் சக்திப் பொருளான ஏ.ரி.பி. யை 1929 இல் அறிவித்தவர்களுள் ஒருவர். அங்கும் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1948 இல் காலமானார். மேதைகளின் வரலாறு என்று நாம் படித்த நூல்களில்கூட இவருக்குரிய இடம் கொடுக்கப்படவில்லை என்பது அவ்வரலாற்று முறையின் வரம்பைக் காட்டுகிறது.

பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலையில் நோயியலாளராயிருந்த சிட்னி ஃபார்பர், குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் பிரேதங்களை நிலவறை ஆய்வுகூடத்திற் பரிசோதித்து வந்தவர். குருதிக் கலங்கள் முதிர்ச்சியடையத் தவறும் ஃபோலிக் குறைபாட்டுச் சோகைக்கும் குருதிப் புற்றுக்கும் ஏதோ உறவு இருத்தல் கூடும் என எண்ணி, நோயுற்ற பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்வைகளைக் கொடுத்தார். நோய் குறைவதற்குப் பதிலாக வேகம் பெற்றது. இத்தோல்வி ஒரு கொடிய தவறு; அதே சமயம் வழிகாட்டியும் ஆயிற்று. கொடுத்தால் வளர்கிறதெனின், மறுத்தால் வாடவேண்டும். சுப்பாராவின் ஆய்வுகூடம் ஃபோலிக் அமிலத்தின் போலிகளை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. ஒரு ஐதரொட்சில் தொகுதி இருந்த இடத்தில் ஓர் அமினோத் தொகுதியை வைத்தமைத்த அமினொப்ரெறின் அவற்றுள் ஒன்று. 1948 யூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி அமினொப்ரெறின் பெற்ற 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தணிவு தற்காலிகமானதே. மாதங்களில் நோய் மீண்டது. ஆயினும் உறுதியான மரணமாகவே கருதப்பட்ட ஒரு நோய் முதன்முறையாகச் சற்றுப் பின்வாங்கியது.

ஃபோலிக் அமிலம் கலத்தினுள் ஒற்றைக் காபன் அணுக்களைச் சுமந்து சென்று கொடுக்கும் சுமைகாரன். டி.என்.ஏ. யின் நான்கு மூலங்களுள் ஒன்றான தைமினை ஆக்குவதற்கு அக்காபன் இன்றியமையாதது. ஒவ்வொரு முறை தைமின் ஆக்கத்துக்குச் சுமையைக் கொடுத்ததும் சுமைகாரன் பயனற்ற வடிவத்துக்கு மாறிவிடுகிறான். அவனை மீண்டும் வேலைக்கு ஆயத்தம் செய்வதற்கென ஒரு நொதியம் உண்டு. அமினொப்ரெறினும் அதன் பின் வந்த மெதோற்றெக்சேற்றும் ஃபோலிக் அமிலத்தைப் போன்ற உருவத்தோடு வந்து அந்நொதியத்தின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டு எழ மறுக்கின்றன. தைமின் அற்றுப்போகிறது, டி.என்.ஏ. ஆக்கம் நின்றுவிடுகிறது. பம்பாய்த் தொழிலாளிப் பெண்ணின் என்பு மச்சையில் சமூகம் தோற்றுவித்த அதே பஞ்சத்தை, இம்மருந்து புற்றுக்கலத்தினுள் வேண்டுமென்றே தோற்றுவிக்கிறது. மருந்தின் நச்சுத்தன்மை மிஞ்சும்போது வைத்தியர்கள் நோயாளியின் ஆரோக்கியமான கலங்களைக் காக்கக் கொடுப்பதும் ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவத்தையே.

மெதோற்றெக்சேற் திடநிலைக் கட்டியொன்றை முற்றாகக் குணப்படுத்த முடியும் என்பதைக் காட்டியவர் சீனாவிற் பிறந்த மின் சியூ லீ. சூல்வித்தக இழையத்திலிருந்து தோன்றும் ஒருவகைப் புற்றுக்கு 1956 இல் இம்மருந்தைக் கொடுத்த அவர், கட்டி கண்ணுக்கு மறைந்த பின்னரும், குருதியில் அதன் ஓமோன் அடையாளம் அறவே நீங்கும்வரை சிகிச்சையை நிறுத்தவில்லை. அது வீண் நஞ்சூட்டல் என மேலிடம் கருதியது. அவர் பதவியை இழந்தார். நோயாளிகள் பிழைத்தனர்.

ஏனைய மருந்துகளை இத்தனை விரிவாக நோக்க இடமில்லை. நம் வீட்டு முற்றங்களில் பட்டிப்பூ என்றும் தமிழகத்தில் நித்தியகல்யாணி என்றும் வழங்கும் மடகஸ்கார்ச் செடி குறிப்பிடத்தக்கது. யமேக்காவில் நீரிழிவுக்குத் தேநீராகக் குடித்துவந்த அதன் இலைகள் 1952 இல் கனடாவுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. றொபேட் நோபிள், சார்ள்ஸ் பியர் ஆகியோர் அதில் சர்க்கரையைக் குறைக்கும் பொருளைக் காணவில்லை. வெண்குருதிக் கலங்களைக் குறைக்கும் வின்பிளாஸ்ரினைக் கண்டனர். வின்கிறிஸ்ரின் அதன் உடன்பிறப்பு. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் நுண்குழாய்கள் சிறு புரத அலகுகளாற் கட்டப்படுகின்றன. பட்டிப்பூ மருந்து அவ்வலகுகளைப் பற்றிக் குழாய் கட்டப்படுவதைத் தடுக்கிறது. பசுபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பக்லிராக்செல் என்பதோ கட்டப்பட்ட குழாய் கலையவிடாமல் இறுக்கிவிடுகிறது. சூசன் ஹோர்விற்ஸ் 1979 இல் இதனை அறிவித்தார். ஒன்று கட்டவிடாது, மற்றது கலையவிடாது. இரண்டிலும் கலம் பிரிவின் நடுவே சிக்கி இறக்கிறது. இயக்கமே வாழ்வு என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1845 அளவிலேயே இரசாயனவியலாளர் அறிந்திருந்த ஒரு பிளாற்றினச் சேர்வை, 1965 இல் மிச்சிகனில் பாணற் றோசன்பேர்க் பற்றீரியாக்களின் ஊடாக மின்னைச் செலுத்தியபோது மின்வாயிலிருந்து தானாகவே உருவாகி அவற்றைப் பிரியாது நீளச் செய்தது; அதுவே சிஸ்பிளாற்றின். கடுகைப் போலவே அது குவானின்களைப் பிணைக்கிறது. டொக்சோரூபிசினின் மூலமான நுண்ணுயிர் இத்தாலியின் காஸ்ரெல் டெல் மொன்ரே என்ற கோட்டையருகு மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. டி.என்.ஏ. யின் முறுக்கை அவிழ்க்க ஒரு நொதியம் அதை வெட்டி ஒட்டுவதுண்டு. இம்மருந்து வெட்டிய பின் ஒட்டவிடாது தடுக்கிறது. அக்கோட்டையும் பாரியும் ஒரே அபூலியா மாகாணத்தில் உள்ளன என்பது தற்செயல். அதிற் பொருள் தேடவேண்டியதில்லை.

தனித்தனியே இம்மருந்துகள் எதுவும் குருதிப் புற்றைக் குணமாக்கவில்லை. இதன் காரணத்தைக் கணக்காகக் காட்டியவர் ஹவார்ட் ஸ்கிப்பர். ஒரு தவணை மருந்து குறித்த எண்ணிக்கையான கலங்களைக் கொல்வதில்லை. இருப்பவற்றில் ஒரு குறித்த பங்கையே கொல்கிறது. நூறு கோடிக் கலங்களில் ஆயிரத்துக்கு ஒன்று தப்பினால் பத்து லட்சம் எஞ்சும். நோயாளி சுகமடைந்தவர்போற் காணப்படுவார். கலங்கள் மீண்டும் பெருகும். மறு தவணையில் ஆயிரம் எஞ்சும், அதற்கடுத்ததில் ஒன்று. இறுதிக் கலம் வரை தவணை தவறாது தொடர வேண்டும்; ஒரு மருந்துக்கு இசையாத கலத்தை வேறு விதமாகக் கொல்லும் இன்னொரு மருந்து உடன் இருத்தல் வேண்டும். 1960 களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பிறை, பிறைறீச் ஆகியோர் மெதோற்றெக்சேற், வின்கிறிஸ்ரின் உட்பட நான்கு மருந்துகளைச் சேர்த்து வழங்கினர். ஹொட்ஜ்கின் நோய்க்கு டிவிற்றா அமைத்த நான்கு மருந்துக் கூட்டில் நைதரசன் கடுகும் பட்டிப்பூச் சாரமும் அருகருகே இடம்பெற்றன.

இவ்வளவு பேருடைய உழைப்பும் உயிரும் சேர்ந்து உருவான அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி பின்னரே கூர்மை பெற்றது. பக்லிராக்செல் பொதுப்பணத்தால் வளர்க்கப்பட்ட மருந்து. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2003 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2002 வரை அரச சுகாதார நிறுவனங்கள் அதற்காகச் செலவிட்டது 48 கோடி டொலருக்கு மேல். சந்தைப்படுத்திய தனியார் நிறுவனத்தின் விற்பனை 900 கோடி டொலரைத் தாண்டியது. அரசுக்குக் கிடைத்த உரிமைப்பணம் மூன்றரைக் கோடி. இன்னும் தெளிவான உதாரணம் 2001 இல் வந்த இமாற்றினிப். ஒருவகைக் குருதிப் புற்றில் இரு நிறமூர்த்தங்கள் உடைந்து இடம்மாறி ஒட்டுவதால் ஓயாது இயங்கும் ஒரு புரதம் பிறக்கிறது. அப்புரதத்தில் ஏ.ரி.பி. அமரும் குழியை இம்மருந்து அடைத்துவிடுகிறது. எல்லாக் கலப்பிரிவையும் தாக்காது, திரிபுபட்ட ஒன்றை மட்டும் தாக்கும் ஏர்லிக்கின் கனவு இதில் ஏறத்தாழ நனவாயிற்று. அதன் படிக வடிவொன்றுக்கு நொவார்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் நிராகரித்தது. 2013 ஏப்பிரல் முதலாந் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் அந்நிராகரிப்பை உறுதிசெய்தது. வழக்கு நடந்த காலத்தில் நிறுவனத்தின் விலை மாதம் ஏறக்குறைய ஒரு லட்சத்து இருபதினாயிரம் இந்திய ரூபா. இந்தியத் தயாரிப்புகளின் விலை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இலங்கையில் இக்கேள்வி இதற்கு வெகு முன்னரே எழுப்பப்பட்டது. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து தயாரித்த அறிக்கையின் அடிப்படையில் அரச மருந்தகக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வர்த்தகப் பெயர்களில் இறக்குமதியான சுமார் 2,100 மருந்துகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 600 மருந்துகளை மூலப்பெயரில், கேள்விப்பத்திர முறையில் வாங்குவது அதன் திட்டம். பிபிலே சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர். விக்கிரமசிங்க கொம்யூனிஸ்ட் கட்சித் தலைவர். 1935 இல் மாமைற் வழங்கிய தலைமுறையின் வழித்தோன்றலாகவே அத்திட்டத்தைக் காணவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் 1977 இல் வெளிவந்தது. பிபிலே மறைந்ததும் அவ்வாண்டிலேயே. மெதோற்றெக்சேற், வின்கிறிஸ்ரின், டொக்சோரூபிசின், சிஸ்பிளாற்றின் யாவும் அப்பட்டியலில் இடம்பெறும் மருந்துகள். அவற்றின் காப்புரிமைகள் காலாவதியாகி நெடுங்காலம் ஆகிறது. வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் எண்பது வீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைய, வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் முப்பது வீதத்துக்கும் குறைவானோரே குணமடைகின்றனர் என அந்நிறுவனமே கூறுகிறது. 2022 இல் அந்நியச் செலாவணி தீர்ந்து கடன் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டபோது, நமது நாட்டில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. தவணைக்கு வந்த நோயாளி மருந்தின்றித் திரும்பிய நாட்களிலும், எஞ்சியிருந்த பத்து லட்சம் கலங்கள் ஸ்கிப்பரின் கணக்குப்படியே பிரிந்துகொண்டிருந்தன.